வரிசையில் மூன்றாவது வண்டி

மாடு வைத்திருப்பவனுக்கு விடுமுறை காலண்டரில் வருவதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரன் மனது வைத்தால்தான் வரும். எனக்கு இந்த ஏப்ரலில் ஒரே ஒரு நாள் வந்தது. காலையும் மாலையும் என் மாடுகளைக் கறந்துவிடுவதாகப் பக்கத்துப் பண்ணை கோர்ம் ஒப்புக்கொண்டான். தொழுவத்து வாசலில் ரப்பர் பூட்ஸோடு நின்று எங்களை வழியனுப்பியவன், "நீ கவலைப்படாமப் போய் ஊரைச் சுத்திப் பாரு, அஸ்கர். இதுங்க உன்னைத் தேடாது. நான் கேட்டுட்டேன்" என்றான்.

ஓர்ஹூஸ் நகரத்துக்கு நான் முன்பும் போனதுண்டு. பால் கறக்கும் இயந்திரத்துக்கு உதிரி பாகம் வாங்க, ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பிடுங்க. இரண்டுக்கும் கடலைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கடற்கரை நகரத்துக்கு இத்தனை தடவை போய்க் கடலைப் பார்க்காமல் திரும்பியவன் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இந்தத் தடவை பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கடல், பெரிய கிறிஸ்தவக் கோயில், துறைமுகத்து நூலகம், கூரைமேல் வானவில் வளையம் வைத்த அருங்காட்சியகம், எல்லாம்.

ஆனால் அன்று ஊர் சுற்றுவது மட்டும் விஷயமில்லை. என் மனைவி மெரெட்டெ கடல் வரைபடம் வரையப் படித்தவள். என்னைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த பிறகு அவள் வரைந்ததெல்லாம் எங்கள் வயலில் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்ற படம்தான். இப்போது துறைமுகத்தில் அவள் படிப்புக்கேற்ற வேலை ஒன்று வந்திருந்தது. வாரத்தில் பாதி நாள் போனால் போதும். அந்த நாட்களில் எங்கள் எட்டு மாத மகள் ரூனா என் பொறுப்பு. அங்கேதான் சிக்கல். அன்று மெரெட்டெக்கு நேர்காணல், கூடவே நாள் முழுக்க ஒரு வெள்ளோட்டம். எனக்கும் வெள்ளோட்டம்தான். நான் ரூனாவை ஒரு நாள் தனியாகச் சமாளித்தால் அவள் வேலைக்குச் சரி சொல்வாள். இல்லையென்றால் மறுபடியும் கழிவுநீர்க் குழாய்.

காரில் வரும்போது சொன்னேன்: "எண்பது மாட்டைப் பாத்துக்கறேன். ஒரு குழந்தையைப் பாத்துக்க மாட்டேனா?"

"எண்பது மாட்டுல ஒண்ணு காணாமப் போனா உனக்கு எழுபத்தொன்பது மிச்சம் இருக்கும்" என்றாள் மெரெட்டெ.

"ஒண்ணு காணாமப் போனாலும் எதுன்னு முகத்தைப் பார்த்துச் சொல்லிடுவேன்."

"அஸ்கர், இன்னிக்கு மட்டும் ஜோக் வேண்டாம். நெஜமாவே சொல்றேன்."

அவள் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

துறைமுகத்தின் பக்கத்தில் ஒரு காபிக் கடை வாசலில் எங்களை இறக்கிவிட்டாள். "முடிஞ்சதும் நேரா இங்க வந்துடறேன். பால் பாட்டில் பையில இருக்கு. கடற்காக்கா ஜாஸ்தி, வலையை மூடியே வை" என்றாள். பிறகு குழந்தைவண்டிக்குள் குனிந்து ரூனாவின் மூக்கில் முத்தமிட்டாள். எனக்கு எதுவும் தராமல் போய்விட்டாள்.

கடையின் வெளிச்சுவரை ஒட்டிக் குழந்தைவண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் நாட்டு வழக்கம் அது: அம்மா அப்பா உள்ளே சூட்டில் காபி குடிப்பார்கள், பிள்ளை வெளியே குளிரில் தூங்கும். நானும் அப்படித் தூங்கி வளர்ந்தவன்தான். என் அறிவு அந்தக் குளிரில்தான் உறைந்தது என்று மாமியார் சொல்வதுண்டு. ரூனா ஏற்கெனவே உறங்கியிருந்தாள். நான் எங்கள் சாம்பல் நிற வண்டியை வரிசையில் மூன்றாவதாக நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டி, வலையைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு காபியும் லவங்கப்பட்டை போட்ட சுருள் ரொட்டியும் வாங்கினேன். ரொட்டி நன்றாக இருந்தது. இன்னொன்றும் வாங்கினேன். பக்கத்து மேசைக்காரர் படித்து வைத்துவிட்டுப் போன செய்தித்தாளில் பால் விலையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். எல்லாம் தப்பாக எழுதியிருந்தார்கள். அதனால் முழுக்கப் படிக்க வேண்டியதாயிற்று.

இங்கே என் தொழில் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கறவைக்கு வரும் மாடு தன் இடத்தை மறக்காது. நேற்று மூன்றாவதாக நின்றது இன்றும் மூன்றாவதாகத்தான் நிற்கும். வேறொன்று அங்கே நின்றால் முட்டித் தள்ளிவிடும். இருபது வருடமாக நான் மாடுகளோடு இருப்பதால் இந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்தேன். மூன்றாவது இடத்தில் சாம்பல் நிற வண்டி, மேலே வலை, பக்கத்தில் தொங்கும் பை. இந்த நாட்டில் பாதிக் குழந்தைகள் அந்தச் சாம்பல் நிற வண்டியில்தான் வளர்கின்றன. குனிந்து பார்த்தேன். பார்க்காமல் எடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. காதையும் கழுத்தையும் மூடிய கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து ஒரு கன்னமும் அரை மூக்கும் தெரிந்தன. கன்னமும் அரை மூக்கும் ரூனாவுக்கும் உண்டு. பூட்டை எடுத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

அதன் பிறகு வந்தது என் வாழ்க்கையிலேயே சிறந்த நடை. வெயில் இருந்தது, காற்றும் இருந்தது, கடலும் சொன்ன இடத்திலேயே இருந்தது. கரையோரம் பனிப்பாறை மாதிரி வெட்டி வைத்த வெள்ளை அடுக்குமாடிகளைப் பார்த்தோம். "இதுல ஒரு வீட்டோட விலைக்கு நம்ம பண்ணையையும் கோர்மையும் சேர்த்து வாங்கலாம்" என்று மகளிடம் சொன்னேன். பெரிய கோயிலுக்குள் போனோம். கூரையிலிருந்து தொங்கும் பாய்மரக் கப்பல் பொம்மையைக் காட்டி, கடலில் போனவர்கள் திரும்பி வர வேண்டும் என்று வேண்டித் தொங்கவிட்டது என்று விளக்கினேன். என் பேச்சை இத்தனை நேரம் குறுக்கிடாமல் கேட்ட ஆள் இதுவரை யாருமில்லை. மெரெட்டெயின் வேலையைப் பற்றிக்கூடச் சொன்னேன். "உங்கம்மா போகட்டும், கண்ணு. நாம ரெண்டு பேரும் சமாளிச்சுக்கலாம். உனக்கு மாடு பேரெல்லாம் கத்துத் தரேன். ஆனா ஒண்ணு, எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. அதை அவகிட்டச் சொல்லிடாதே." குழந்தை சொல்லமாட்டேன் என்பது போலத் தூங்கியது.

வானவில் வளையத்துக்கு அனுமதிச்சீட்டு வாங்க வரிசை நீளமாக இருந்ததால் துறைமுகத்து நூலகத்துக்குத் திரும்பினேன். அங்கே படிக்கட்டு நடுவில் கூரையிலிருந்து ஒரு பெரிய வெண்கலக் குழாய் மணி தொங்குகிறது. ஊரின் பெரிய மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறந்தால், அந்த அம்மாவோ அப்பாவோ அங்கே ஒரு பொத்தானை அழுத்துவார்கள். இங்கே மணி அடிக்கும். நான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அது அடிக்கும்போது நேர் கீழே நிற்பேன் என்று நினைக்கவில்லை.

அடித்தது. சத்தம் காதில் விழவில்லை, நேராக வயிற்றில் விழுந்தது. படித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து யாரோ முகம் தெரியாத குழந்தைக்காகப் புன்னகைத்தார்கள். ஒரு பெரியவர் மெல்லக் கை தட்டினார். நானும் தட்டினேன். என் வண்டிக்குள்ளிருந்து ஒரு வீறல் கிளம்பியது.

"அடடா, பயந்துட்டியா" என்று வலையை விலக்கித் தூக்கினேன். தூக்கும்போது தொப்பி பின்னால் சரிந்தது.

தொப்பிக்குள் முடி இருந்தது.

சாதாரண முடியில்லை. கன்னங்கரேலென்று, ஈரமாக நெற்றியில் ஒட்டிய, சீப்பு வைத்து வாரலாம் போன்ற முடி. ரூனாவுக்கு முடி கிடையாது. அவள் அந்த விஷயத்தில் என்னைக் கொண்டு பிறந்தவள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் கோர்ம் முட்டை வாங்கலாமா என்று கேட்பான்.

அந்த நொடியில் என் மூளை செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மணிச் சத்தத்தில் முடி முளைத்துவிட்டதோ என்று யோசித்தது. ஒரு நொடிதான். ஆனால் யோசித்தது.

பிறகு குழந்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பழுப்புக் கண்கள். அதுவும் என்னைப் போலவே திகைத்துப்போய் அழுகையை நிறுத்திவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த ஆள் யார் என்பது அதற்குத் தெரியவில்லை. எனக்கு அதைவிட மோசம், இந்தக் குழந்தை யார் என்றும் தெரியவில்லை, என் குழந்தை எங்கே என்றும் தெரியவில்லை. கை தட்டிய பெரியவர் என்னைப் பார்த்து, "அழகான பிள்ளை. அப்படியே உங்க ஜாடை" என்றார்.

குழந்தையை வண்டியில் படுக்க வைத்து வலையை மூடினேன். வெளியே வந்ததும் ஓட ஆரம்பித்தேன். ஓடிக்கொண்டே காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். குரலில் அவசரமே இல்லை. எங்கள் யூலாந்து வட்டாரத்து நிதானக் குரல்.

பெயரைச் சொல்லி, "குழந்தையைக் காணோம்" என்றேன்.

"யாரோட குழந்தை?"

"என்னோடது. பொண்ணு. எட்டு மாசம்."

"எங்கே காணாமப் போச்சு?"

"தெரியல. ஆனா எங்கிட்ட ஒண்ணு இருக்கு."

"என்ன ஒண்ணு?"

"குழந்தை."

"அது யாரோடது?"

"அதுதான் தெரியல. தப்பா எடுத்துட்டு வந்துட்டேன். வாசல்ல நிறைய வண்டி நின்னுது."

"குடிச்சிருக்கீங்களா?"

"காபி."

"எந்தக் கடை வாசல்?"

எனக்குப் பெயர் தெரியவில்லை. பெயரைப் பார்க்கவில்லை. ரொட்டியைத்தான் பார்த்தேன். "துறைமுகம் பக்கத்துல. வாசல்ல குழந்தைவண்டி நிறைய நிக்குமே, அந்தக் கடை."

"ஐயா, இந்த ஊர்ல எல்லாக் கடையும் அப்படித்தான்." பிறகு, "மூச்சு வாங்குது. ஓடறீங்களா?"

"ஆமா."

"ஓடாதீங்க. குழந்தைவண்டியைத் தள்ளிக்கிட்டு ஓடற ஆளைப் பார்த்தா எனக்கு இன்னும் நாலு போன் வரும். வேகமா நடங்க. போனை வைக்காதீங்க. நானும் கூட வரேன்."

வேகமாக நடந்தேன். உள்ளிருந்து சிணுங்கல் கேட்டது. அதன் அம்மா இந்நேரம் வெளியே வந்து பார்த்திருப்பாள். கத்தியிருப்பாள். இல்லை, அவளும் என்னை மாதிரி ஒரு ஜென்மமாக இருந்து ரூனாவைத் தன் பிள்ளையென்று தள்ளிக்கொண்டு போயிருப்பாள். ரயிலில் ஏறியிருப்பாள். கோபன்ஹேகனில் இறங்கித் தொப்பியைக் கழற்றி, "அய்யோ, முடியெல்லாம் கொட்டிப்போச்சே" என்று அலறுவாள். சிணுங்கல் அழுகையானது. நடந்துகொண்டே வலைக்குள் கை விட்டேன். ஒரு சின்னக் கை என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டது. அது யார் விரல் என்றெல்லாம் பார்க்கவில்லை. "கொண்டு போய் விட்டுடறேன், ராஜா. இதோ விட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

"யார்கிட்டப் பேசறீங்க?" என்றது போன்.

"அவன்கிட்ட. அவளான்னு தெரியல. அந்தக் குழந்தைகிட்ட."

"நல்லது. பேசிக்கிட்டே போங்க."

திருப்பத்தில் கடை தெரிந்தது. வரிசையும் தெரிந்தது. முதல் வண்டி, நீலம். இரண்டாவது, கறுப்பு. மூன்றாவது இடம் காலி.

காலிதான், அங்கிருந்த வண்டியை நான்தானே தள்ளிக்கொண்டு நிற்கிறேன். ஆனால் அது அப்போது புத்தியில் ஏறவில்லை. அந்தக் காலியிடத்தில் போய் நின்றேன், நானே ஒரு மாடு மாதிரி. வேறு எங்கும் சாம்பல் நிறம் தெரியவில்லை. உலகத்தில் பாதிக் குழந்தைவண்டி சாம்பல் நிறம், அப்போது பார்த்து ஒன்றுகூட இல்லை.

பரிமாறும் பெண் எச்சில் கோப்பைகளை எடுக்க வெளியே வந்தாள். சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்: "இங்க ஒரு வண்டி நின்னுதே? சாம்பல் கலர்?"

"அதுவா? மூஞ்சில வெயில் அடிச்சுது. பாவமா இருந்துச்சு, அந்தப் பக்கம் நிழல்ல தள்ளி விட்டேன்" என்று கடையின் மூலையைக் காட்டினாள். "நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். அப்புறம் இன்னொரு அம்மா வந்து அந்த இடத்துல அவங்க வண்டியை நிறுத்திட்டாங்க."

மூலையைத் திரும்பினேன். நிழலில், சுவரோரம், சாம்பல் வண்டி. வலைக்குள் ரூனா. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு, வாயைப் பிளந்து, என்னைப் போலவே குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். தொப்பியை நகர்த்தித் தலையைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அத்தனை அழகான வழுக்கையை நான் கண்டதேயில்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"கிடைச்சிட்டா" என்றேன் போனில்.

"உங்க குழந்தைதானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. உங்களைக் கேட்டுத்தான் ஆகணும்."

"என் குழந்தைதான்."

"அந்தப் பிள்ளையோட அம்மா?"

எட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைசி மேசையில் ஒரு இளம் பெண் கைகளின்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் கோப்பை அப்படியே இருந்தது. பரிமாறும் பெண் என் பார்வையைப் பார்த்துவிட்டு, "அவங்கதான். வந்து உக்காந்ததும் சாஞ்சுட்டாங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லையாம். வெளியே குழந்தை அழற சத்தமும் கேக்கல, சரி தூங்கட்டும்னு எழுப்பல" என்றாள். அவள் அடுத்த மேசையைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஒருவருக்கும் தெரியாது. அதுதான் அப்போது எனக்கு உறைத்தது. அந்த அம்மாவுக்குத் தெரியாது, மெரெட்டெக்குத் தெரியாது. கையிலிருக்கும் வண்டியை மூன்றாவது இடத்தில் நிறுத்தி, பூட்டிவிட்டு, ரூனாவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் நடந்தது நடக்காததாகிவிடும். மெரெட்டெ வருவாள், "எப்படி இருந்துச்சு?" என்பாள், "தூங்கிக்கிட்டே இருந்தா" என்பேன். பொய்யும் இல்லை. அவளுக்கு வேலை கிடைக்கும். அவள் கடலை வரைவாள்.

"ஒரு சந்தேகம்" என்றேன் போனில், குரலைத் தாழ்த்தி. "அந்தம்மா தூங்கறாங்க. எழுப்பாமலே வண்டியை வச்சுட்டுப் போயிட்டா?"

"இந்தப் போன் பதிவாகுது" என்றாள் அவள். பிறகு வேறு குரலில், "போய்ச் சொல்லுங்க, அஸ்கர். அது அவங்க பிள்ளை" என்றாள்.

இரண்டு வண்டிகளையும் வாசல் கதவருகே இழுத்து வைத்தேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை வண்டிகள் மேலேயே வைத்துக்கொண்டு, "அம்மா... கொஞ்சம் எழுந்திருங்க" என்று கூப்பிட்டேன். பக்கத்து மேசைக்காரர்தான் அவளைத் தட்டி எழுப்பினார். கன்னத்தில் சட்டைத் தையல் பதிந்திருக்க, பாதித் தூக்கத்தில் வெளியே வந்தாள்.

"தப்பு நடந்துபோச்சு. என் வண்டின்னு நெனச்சு உங்க வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டேன். நூலகம் வரைக்கும். உங்க குழந்தை நல்லா இருக்கு. இதோ."

அவள் என் முகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓலுஃப் தூங்கினானா?" என்றாள்.

"என்ன?"

"நீங்க தள்ளிக்கிட்டுப் போனப்போ. தூங்கினானா?"

"மணி அடிக்கிற வரைக்கும் தூங்கினான்."

"அவன் பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல தூங்கினதே இல்லையே..." என்றாள். "என்ன பண்ணினீங்க?"

"மாட்டைப் பத்திப் பேசினேன்."

அவள் தலையை ஆட்டினாள். அப்புறம்தான் அவளுக்கு விளங்கியது. விளங்குவதை நான் பார்த்தேன். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "தூங்கிட்டேன்" என்றாள். "என் பிள்ளையை ஒருத்தர் தூக்கிட்டுப் போயிருக்கார், நான் தூங்கிக்கிட்டு இருந்திருக்கேன்." அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள், அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் எனக்குக் கோபத்தில் ஒரு துளிகூடத் தரவில்லை, எல்லாவற்றையும் தனக்கே எடுத்துக்கொண்டாள். அவள் விம்மிய சத்தத்தில் ஓலுஃப் அலறினான். அவன் அலறியதில் ரூனா எழுந்து அவனைவிட உச்ச சுருதியில் பிடித்தாள். நான் பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த வண்டியில் கை விட்டுத் தூக்கினேன். அவளும் எழுந்து கைக்கு எட்டியதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அஸ்கர்?"

மெரெட்டெ. முன்னதாகவே முடித்துவிட்டு வந்து நின்றாள். என் தோளில் கறுத்த முடியோடு ஒரு குழந்தை. முன்பின் தெரியாத பெண்ணின் தோளில் ரூனா. நான்கு பேர் அழுதுகொண்டிருந்தோம், நானும் சேர்த்து.

"அது யாரு?" என்றாள் மெரெட்டெ. "என் பொண்ணு ஏன் அவங்க கையில இருக்கா?"

நானும் அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்தோம். மறுபடியும் தப்பு. பேசாமல் மாற்றிக்கொண்டோம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது.

நான் மெரெட்டெயிடம் சொன்னேன். ரொட்டியிலிருந்து ஆரம்பித்தேன், காவல்துறையில் முடித்தேன். ஒரு ஜோக்கும் சேர்க்கவில்லை. அந்தப் பெண் நடுவில் புகுந்து, "அவர் மேல தப்பில்ல, நான்தான் தூங்கிட்டேன்" என்றாள். அவள் பெயர் தில்டெ என்று அப்போதுதான் தெரிந்தது. போனிலிருந்தவள் அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, என்னிடம், "இனிமே மூஞ்சியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். தில்டெ ஓலுஃபோடு உள்ளே போய் உட்கார்ந்தாள். யாரோ அவளுக்குச் சூடாக இன்னொரு காபி கொண்டுவந்து வைத்தார்கள்.

மெரெட்டெ ரூனாவை வாங்கிக்கொண்டு, கழுத்தில் முகம் புதைத்து மூச்சை இழுத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "நான் பெயில். வேலை கெடச்சும் உன்னால போக முடியாது. என்னாலதான். திட்டறதுன்னா இங்கயே திட்டிடு, கார்ல வேண்டாம்."

"பிப்ரவரியில" என்றாள் அவள். "பனி கொட்டிச்சே, அந்த வாரம். ஊர்க் கடைக்குப் போனேன். வாசல்ல இவளை நிறுத்திட்டு உள்ளே போனேன். சாமான் வாங்கினேன். கார்ல ஏத்தினேன். வீட்டுக்கு வந்தேன்."

"சரி."

"சாமானோட வந்தேன், அஸ்கர்."

எனக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியபோது, நூலகத்து மணி மறுபடியும் வயிற்றில் விழுந்தது.

"ரூனாவை?"

"வாசப்படியில வந்து உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கும்போதுதான் கை காலியா இருக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பி ஓட்டினேன். எப்படி ஓட்டினேன்னு தெரியாது. அப்படியே நின்னுக்கிட்டு இருந்தா. வண்டி மேல பனி படிஞ்சிருந்துச்சு. தூங்கிக்கிட்டு இருந்தா. யாரும் கவனிக்கக்கூட இல்ல." ரூனாவின் தொப்பியைச் சரிசெய்தாள். "நீ மாட்டுத் தொழுவத்துல இருந்தே. நான் சொல்லல. சொன்னா அப்புறம் என்னை..."

"உருளைக்கிழங்கைக் கொண்டுவந்தே" என்றேன். "என் பொண்ணை விட்டுட்டு, உருளைக்கிழங்கை." கோபமே வந்துவிட்டது. அடுத்தவன் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு கோயில் பார்த்து வந்தவன், வாசற்படியில் நின்று நியாயம் கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் என் நியாயம் தானாக இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"அந்த உருளைக்கிழங்கை நானும் தின்னேனா?" என்றேன்.

"ரெண்டு தடவை போட்டுக்கிட்டே."

"நல்லா இருந்துச்சு."

"உன்னை நம்பாமத்தான் இந்த வெள்ளோட்டம்னு நெனச்சியா?" என்றாள். "நான் வச்ச பரீட்சையில நானே பாஸ் ஆகல. அதான் உன்னைப் பிடிச்சு ஆட்டினேன். நீயாவது ஒழுங்கா இருந்தா, ஒருத்தராவது..." முடிக்கவில்லை. "நான் அன்னிக்கு மறைச்சேன். நீ இன்னிக்கு அவங்களை எழுப்பிச் சொன்னே."

"போன் பதிவாகுதுன்னு சொன்னாங்க" என்றேன். உண்மை அதுதானே. கூச்சமாகவும் இருந்தது.

அவள் மூக்கைத் துடைத்தாள். ரூனாவை என் கையில் கொடுத்தாள், நான் கேட்காமலே, அந்த வாசலில் வைத்தே. "கெட்டியாப் பிடி" என்றுகூடச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். "வேலை எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க. யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னு வந்தேன்" என்றபடி எண்ணை அழுத்தினாள்.

"மெரெட்டெ, நெஜமாவா? இவ்வளவுக்கு அப்புறமா?"

"நம்ம ரெண்டு பேருக்குமே இனிமே மறக்காது" என்றாள். எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள். நிமிர்ந்து நின்று, நடுக்கம் துளியும் இல்லாத குரலில், திங்கட்கிழமையே வந்துவிடுவதாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் இடது கை ரூனாவின் கால் கட்டைவிரலைக் காலுறையோடு சேர்த்துப் பிடித்திருந்தது. பேசி முடித்த பிறகும் விடவில்லை.

வானவில் வளையத்துக்கு இன்னும் நேரமிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ரூனாவை வண்டியில் படுக்க வைத்து, ஆளுக்கொரு பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கார் நின்ற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பாதி வழியில் மெரெட்டெ நின்று வலையைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"அவதானா?" என்றேன்.

"அவதான்" என்றாள்.

"நகரு, நானும் பாக்கறேன்."